சூத்திரத்துக்கு முன்னே, சூத்திரத்துக்குப் பின்னே

இருபடிச் சமன்பாடு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் என் வீடு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடத்தில் பாய் விரித்தால் எட்டரை வரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான். மந்தைவெளியிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள், அடையாறிலிருந்து அம்மாவின் ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறவர்கள், தி. நகரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் யாரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் வரும்: “மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி பை டூ ஏ.” தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாது.

அந்த வரியைத் தப்பாகச் சொன்ன பிள்ளைகள் என்னிடம் அபூர்வம். அப்படியும் மதிப்பெண் போகிறது. நோட்டைத் திருத்தும்போது என் சிவப்புப் பேனா நிற்கிற இடங்களைப் பல வருஷங்களாகப் பார்த்துவருகிறேன். சூத்திரம் எழுதிய வரியில் அது அநேகமாக நிற்பதில்லை. அதற்கு முந்தைய இரண்டு வரியிலும் பிந்தைய இரண்டு வரியிலும்தான் நிற்கிறது. ஆகவே கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி சூத்திரத்தைப் பற்றியதாக இருக்காது.

எழுத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளி நோட்டில் எக்ஸ் வரும் இடத்தில் இங்கே ‘யா’ என்று போட்டிருக்கிறேன். பாஸ்கராச்சாரியார் தெரியாத எண்ணுக்கு ‘யாவத் தாவத்’, அதாவது ‘எவ்வளவோ அவ்வளவு’ என்று பெயர் வைத்து, முதலெழுத்தை மட்டும் எழுதினார். நீங்கள் தேர்வில் எக்ஸ் என்றே எழுதுங்கள்.

செய்ய வேண்டியவை

சமன்பாட்டை முதலில் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். யா² உறுப்பு, அடுத்து யா உறுப்பு, அடுத்து மாறிலி, வலப்பக்கம் 0. இந்த வரிசை வந்த பிறகுதான் ஏ, பி, சி என்ற பெயர்களுக்கே அர்த்தம் உண்டு.

போன மார்கழியில் ஒரு மாணவி 3யா² = 7 − 4யா என்ற கணக்கைப் போட்டாள். ஏ = 3, பி = −4, சி = 7 என்று எழுதிவிட்டு, சூத்திரத்தை அழகாக எழுதினாள். 16 − 84 = −68 வந்தது. “மிஸ், இதுக்கு ரியல் ரூட்ஸ் இல்ல” என்றாள், சந்தேகமே இல்லாமல். “யாவுக்கு 1 போட்டுப் பாரும்மா” என்றேன். இடப்பக்கம் 3. வலப்பக்கம் 7 − 4, அதுவும் 3. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்தால் 3யா² + 4யா − 7 = 0. ஏ = 3, பி = 4, சி = −7. உள்ளே 16 + 84 = 100, அதன் மூலம் 10. விடைகள் 1, −7/3. அவள் சூத்திரத்தில் ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. குறிகள் இரண்டும் சமக்குறியைத் தாண்டும்போது மாறவில்லை, அவ்வளவுதான்.

ஏ, பி, சி மூன்றையும் தனி வரியில், அவற்றின் குறியோடு எழுதுங்கள். குறை எண்ணாக இருந்தால் அடைப்புக்குறி போட்டே சூத்திரத்துக்குள் வையுங்கள். பி = −9 என்றால் −(−9) என்று எழுதினால்தான் 9 வரும். (−9)² என்று எழுதினால்தான் 81 வரும். அடைப்பு இல்லாமல் −9² என்று எழுதுகிற கை, அடுத்த வரியில் −81 என்று எழுதிவிடுகிறது. அடைப்புக்குறி போட ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தன்மைக்காட்டியை முதலில் தனியாகக் கணக்கிடுங்கள். பி² − 4ஏசி என்ன என்று தெரிந்தால், மேலே போகலாமா, எப்படிப் போகலாம் என்பது தெரிந்துவிடும். நேர்மம் என்றால் இரண்டு வெவ்வேறு மெய் மூலங்கள், 0 என்றால் சமமான மூலங்கள், குறை என்றால் மெய் மூலங்கள் இல்லை.

இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கெழுக்கள் மூன்றும் முழு எண்களாக இருந்தால், தன்மைக்காட்டியை 4 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 0 அல்லது 1தான் வரும். பி இரட்டை எண் என்றால் 0, ஒற்றை எண் என்றால் 1. 2 அல்லது 3 மீதி வந்தால் எங்கோ பெருக்கலிலோ கூட்டலிலோ தவறியிருக்கிறீர்கள். காரணம் எளிது: 4ஏசி எப்போதும் 4 ஆல் மீதியின்றி வகுபடும், ஆகவே மீதியைத் தீர்மானிப்பது பி² மட்டும். ஒரு பையன் 4 × 2 × 18 ஐ 146 என்று போட்டு, 81 + 146 = 227 என்று எழுதினான். 227 ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 3. அங்கேயே நின்று, 144 என்று திருத்திக்கொண்டான். குறிப் பிழையை இந்த வழி பிடிக்காது. அதற்கு முதல் இரண்டு அறிவுரைகள்தான் காவல்.

சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறையாவது உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். பாடநூலில் வர்க்கப் பூர்த்தி முறையில் ஏ ஆல் வகுத்துத் தொடங்குவார்கள், பின்னங்கள் வந்து கண்ணைக் கட்டும். ஸ்ரீதராச்சாரியாரின் வழியில் பின்னமே வராது. அவருடைய இயற்கணித நூல் நம் கைக்குக் கிடைக்கவில்லை. பாஸ்கராச்சாரியார் எடுத்துக் காட்டியதால் அந்த விதி மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. வடக்கே பல இடங்களில் இந்தச் சூத்திரத்துக்கே ஸ்ரீதராச்சாரியார் சூத்திரம் என்றுதான் பெயர்.

விதி இதுதான். இருபுறமும் 4ஏ ஆல் பெருக்கு, இருபுறமும் பி² ஐக் கூட்டு, பிறகு வர்க்கமூலம் எடு. 2யா² − 9யா = 18 என்பதை எடுத்துக்கொள்வோம். 4 × 2 = 8 ஆல் பெருக்கினால் 16யா² − 72யா = 144. 81 ஐக் கூட்டினால் இடப்பக்கம் 16யா² − 72யா + 81, அதாவது (4யா − 9)². வலப்பக்கம் 225. ஆகவே 4யா − 9 என்பது 15 அல்லது −15. யா = 6 அல்லது −3/2. அந்த 225தான் தன்மைக்காட்டி. 4யா என்பதில் இருக்கிற 4தான் சூத்திரத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும் 2ஏ. பிளஸ் ஆர் மைனஸ் எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது கண்ணெதிரே இருக்கிறது: 15 இன் வர்க்கமும் 225, −15 இன் வர்க்கமும் 225. இதை ஒரு முறை போட்டவர்களுக்குச் சூத்திரம் தேர்வு அறையில் மறந்துபோனாலும் ஐந்து வரியில் மறுபடி கிடைத்துவிடும். பயம் போவதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

பின்னக் கோட்டை நீளமாக இழுங்கள். −பி யின் அடியிலிருந்து வர்க்கமூலக் குறி முடியும் வரை. 2ஏ இரண்டுக்கும் பொது.

விடை வந்ததும் கூட்டியும் பெருக்கியும் பாருங்கள். மூலங்களின் கூடுதல் −பி/ஏ, பெருக்கல்பலன் சி/ஏ. மேலே உள்ள கணக்கில் 6 + (−3/2) = 9/2, சரி. 6 × (−3/2) = −9, அதுவும் −18/2. பத்து நொடி வேலை. வரைபடக் கேள்வி போடுகிறவர்களுக்கும் இதே துணை உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் அது 8 மதிப்பெண். வளைகோடு கிடை அச்சை வெட்டும் புள்ளிகளும் சூத்திரம் தரும் மூலங்களும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் அட்டவணையில் ஏதோ ஒரு மதிப்பு தவறு.

இரண்டு மூலங்களையும் கணக்கின் கதைக்குள் வைத்துப் பாருங்கள். இதில்தான் கணிதத்தின் மொத்த அழகும் இருக்கிறது என்பது என் எண்ணம். பாஸ்கராச்சாரியாரின் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு. ஒரு கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, மீதி 12 குரங்குகள் மலைமேல். மொத்தம் எத்தனை? யா² − 64யா + 768 = 0. தன்மைக்காட்டி 1024, மூலம் 32, விடைகள் 48, 16. 48 என்றால் எட்டில் ஒரு பங்கு 6, வர்க்கம் 36, அதோடு 12 சேர்ந்தால் 48. 16 என்றால் 2, 4, 4 + 12 = 16. இரண்டும் நிற்கின்றன. இரண்டையும் எழுத வேண்டும்.

அதே நூலில் இன்னொரு கூட்டம். ஐந்தில் ஒரு பங்கில் மூன்று குறைத்து, அதன் வர்க்கம் குகைக்குள் போய்விட்டது, ஒரே ஒரு குரங்கு மரக்கிளையில் தெரிகிறது. யா² − 55யா + 250 = 0. விடைகள் 50, 5. இரண்டும் நேர்ம எண்கள்தான். ஆனால் 5 இல் ஐந்தில் ஒரு பங்கு 1, அதில் மூன்று குறைத்தால் −2. குறை இரண்டு குரங்குகளை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி 5 ஐ விலக்கிவிடுகிறார் பாஸ்கரர். நேர்ம எண் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு விடையை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே கற்றுக்கொடுத்திருக்கிறார்.

செய்யக்கூடாதவை

எல்லாவற்றுக்கும் சூத்திரத்தைத் தூக்காதீர்கள். யா² = 49 க்குச் சூத்திரம் எதற்கு? யா² − 5யா + 6 = 0 வைப் பார்த்ததும் 2, 3 தெரிய வேண்டும். கேள்வியிலேயே ‘காரணிப்படுத்தல் முறையில்’ என்றோ ‘வர்க்கப் பூர்த்தி முறையில்’ என்றோ இருந்தால் அந்த முறையில்தான் போட வேண்டும்.

இருபுறமும் யாவால் வகுக்காதீர்கள். 3யா² = 12யா என்பதை வகுத்து யா = 4 என்று முடித்தால், யா = 0 என்ற மூலம் சத்தமில்லாமல் காணாமல்போகிறது.

பாதியை மட்டும் அடிக்காதீர்கள். யா² − 6யா + 4 = 0 இல் (6 ± √20)/2 வரும். மேலே 6, கீழே 2, அடித்தால் 3 என்று 3 ± √20 எழுதுகிற பிள்ளைகள் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே. √20 என்பது 2√5. இரண்டையும் சேர்த்து வகுத்தால் 3 ± √5. வித்தியாசம் சின்னதல்ல: முதல் மூலம் 5.24 வர வேண்டிய இடத்தில் 7.47 வந்துவிடும்.

வர்க்கமூலத்தை அவசரப்பட்டுத் தசமமாக்காதீர்கள். √5 ஐ √5 ஆகவே வைத்துக்கொண்டு கடைசி வரியில், கேட்டால் மட்டும், தசமத்துக்குப் போங்கள். தரமணிப் பக்கம் கணினி வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு இது பின்னாலும் உதவும். யா² − 1000யா + 1 = 0 இல் √999996 ஐ முழு எண்ணாக்கி 1000 என்று வைத்தால், சின்ன மூலம் (1000 − 1000)/2 = 0 என்று வரும். 0 அந்தச் சமன்பாட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. பெரிய மூலத்தை முதலில் கண்டுபிடித்து, பெருக்கல்பலன் 1 என்பதால் 1 ஐ அதனால் வகுத்தால் 0.001 க்கு மிக அருகில் சரியான விடை கிடைக்கும். மூலங்களின் பெருக்கல்பலன் சரிபார்க்க மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம்.

தன்மைக்காட்டி குறை எண்ணாக வந்தால் ‘தீர்வே இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘மெய்யான மூலங்கள் இல்லை’ என்று எழுதுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் வரும்போது அதே சமன்பாட்டுக்கு மூலங்கள் கிடைக்கும். இன்று எழுதும் வாக்கியம் அன்றும் உண்மையாக இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. “இன்னும் ஒரு கணக்கா போட்டுட்டிருக்க?” என்று பக்கத்தில் நின்று கேட்காதீர்கள். அடைப்புக்குறிகளைத் தின்பது அந்த அவசரம்தான்.

குறை மூலத்தைப் பார்த்தவுடன் அடித்துத் தள்ளாதீர்கள். தள்ள வேண்டியதாக இருந்தாலும், தள்ளுவதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். தி. நகர் ரங்கநாதன் தெருவை வைத்து நான் போடும் கணக்கு இது. 6000 ரூபாய்க்கு ஒரே விலையில் பூனம் சேலைகள் வாங்கப் போகிறோம். ஒரு சேலைக்கு 50 ரூபாய் குறைத்துக் கொடுத்தால் அதே பணத்துக்கு 4 சேலை கூடுதலாகக் கிடைக்கும். சேலை விலை என்ன? சுருக்கினால் யா² − 50யா − 75000 = 0. தன்மைக்காட்டி 302500, மூலம் 550. விடைகள் 300, −250. விலை குறையாக இருக்காது, ஆகவே 300. அந்த விலையில் 20 சேலை, குறைத்த விலையில் 24 சேலை. எல்லோரும் இங்கே முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் குறைத்த விலை எவ்வளவு? 250. தள்ளிய மூலம், குறியை மட்டும் மாற்றிக்கொண்டு, இரண்டாவது விலையாக அங்கேயே நிற்கிறது. சமன்பாடு உண்மையில் யா(யா − 50) = 75000, அதாவது இரண்டு விலைகளின் பெருக்கல். யாவுக்கு −250 ஐப் போட்டால் (−250) × (−300), அதே 75000. முதன்முதலில் இதைக் காட்டியபோது ஒரு பையன், “மிஸ், அப்ப அது தப்பான ஆன்சர் இல்ல, வேற கேள்விக்கு ஆன்சர்” என்றான். அவன் சொன்னதைத்தான் அன்றிலிருந்து எல்லா வகுப்பிலும் சொல்கிறேன்.

எண்களைப் பற்றிய கேள்வி என்றால் குறை மூலத்தைத் தள்ளவே கூடாத நேரங்களும் உண்டு. அடுத்தடுத்த இரண்டு முழுக்களின் பெருக்கல்பலன் 56, பெரிய எண் எது? யா² − யா − 56 = 0. விடைகள் 8, −7. 8 உடன் 7, −7 உடன் −8. இரண்டு ஜோடியையும் எழுதாவிட்டால் விடை பாதிதான்.

யா கிடைத்ததும் பேனாவை மூடாதீர்கள். கேள்வி எதைக் கேட்டது என்று திரும்பப் படியுங்கள். பத்தாம் வகுப்புப் பாடநூலில் கருவண்டுக் கணக்கு ஒன்று உண்டு. 1150 இல் எழுதப்பட்ட லீலாவதியிலிருந்து வருவது. 2யா² வண்டுகள் கொண்ட கூட்டத்தில், பாதியின் வர்க்கமூலம் ஒரு மரத்துக்குப் போகிறது. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அதே மரத்துக்குப் போகிறது. மீதி இரண்டு தாமரைக்குள் மாட்டிக்கொள்கின்றன. பாதி என்பது யா², அதன் மூலம் யா. சுருக்கினால், மேலே ஸ்ரீதரர் வழியில் நாம் போட்ட அதே 2யா² − 9யா − 18 = 0. யா = 6. இங்கே கோடு போட்டு ‘6 வண்டுகள்’ என்று முடித்த நோட்டுகள் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன. கூட்டம் 2யா². 2 × 36 = 72 வண்டுகள். 6 மரத்துக்கு, 64 மரத்துக்கு, 2 தாமரையில்.

சூத்திரத்தைப் பாடநூலோடு விட்டுவிடாதீர்கள். வடக்கு மாட வீதியில் ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின் கோலப் போட்டி நடக்கும்போது நான் பிள்ளைகளை அழைத்துப் போவதுண்டு. நேர்ப்புள்ளிக் கோலத்தில் நடுவரிசை 15, அதன் இருபுறமும் 13, 11 என்று 1 வரை இறங்கும். மொத்தம் 113 புள்ளிகள். ஒரு பக்கத்து வரிசைகளை நடுவரிசையோடு சேர்த்து எண்ணினால் 8. வரிசை எண்ணிக்கை யா என்றால் புள்ளிகள் 2யா² − 2யா + 1. இதை 113 க்குச் சமப்படுத்திச் சுருக்கினால், அடுத்தடுத்த முழுக்களுக்கு வந்த யா² − யா − 56 = 0 வே மறுபடி வருகிறது. 8 நம் வரிசைகள். −7? நடுவரிசைக்கு மறுபக்கம் எண்ணிப் பாருங்கள், 7 வரிசைகள்.

கோலத்தை வைத்துக் கணிதம் செய்வது விளையாட்டுப் பேச்சில்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974 இல் கோலங்களின் இலக்கணம் பற்றி ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். முதல் இருவரும் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் வேலை பார்த்தவர்கள். கமலா கிருத்திவாசன் பின்னாளில் அடையாறை ஒட்டிய ஐஐடியில் பேராசிரியர்.

அந்தப் போட்டிக்கு முந்தைய நாள் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள், “மிஸ், எங்ககிட்ட இருக்கிற மாவுக்கு எறநூறு புள்ளிதான் வரும்னு பாட்டி சொல்றாங்க. இடைப்புள்ளில எவ்ளோ பெருசா போடலாம்?” இடைப்புள்ளியில் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றுதான் குறையும். 13 புள்ளி என்றால் 7 வரை. கடைசி வரிசை யா என்றால் மொத்தம் 3யா² − 3யா + 1. அவளே 3யா² − 3யா − 199 = 0 என்று எழுதினாள். ஏ = 3, பி = (−3), சி = (−199), அடைப்புக்குறிகளோடு. தன்மைக்காட்டி 9 + 2388 = 2397, 4 ஆல் வகுத்தால் மீதி 1. மூலம் ஏறக்குறைய 48.96. யா ஏறக்குறைய 8.66. “ஒன்பதுன்னு வெச்சுக்கலாமா மிஸ்?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் தானே போட்டுப் பார்த்தாள். 9 என்றால் 217 புள்ளி, மாவு போதாது. 8 என்றால் 169. மறுநாள் வடக்கு மாட வீதியில் 15 புள்ளி வைத்து 8 வரை போட்டாள். 31 புள்ளிக்கான மாவை டப்பாவோடு பாட்டியிடம் திருப்பிக் கொடுத்தாள்.